அரியலூர்க் கடலின் நிறம்

மூன்றாவது முறையும் நூல் தவறான நிறத்தில் வந்து சேர்ந்தது. முதலில் கிளிப்பச்சை. அடுத்தது போலீஸ் லாரி நீலம். இப்போது பாசி பிடித்த தொட்டித் தண்ணீர்.

புவனேஸ்வரி அந்தப் பட்டு நூலை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். இழவு வீட்டுக்கு வந்தவள்போல் மெல்லத் தலையை ஆட்டினாள்.

"இது இல்லண்ணே."

சாயக்காரர் வெள்ளைச்சாமி இதற்காக ஜெயங்கொண்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் பெரம்பலூர் வந்திருந்தார். கம்ப்யூட்டர் சென்டர் வாசலில், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்.

"வேற எதுதாம்மா? இருவத்தாறு வருசமா சாயம் போடுறேன். கலரோட பேரச் சொல்லு, முக்கி எடுத்துத் தந்துட்டுப் போறேன்."

"பேரெல்லாம் கெடையாதுண்ணே. அரியலூர்ல ஒரு காலத்துல கடல் இருந்துச்சில்ல? அந்தக் கடலோட கலர்."

"அது எப்பம்மா?"

"பத்துக் கோடி வருசம் இருக்கும்."

"அப்ப நான் பாத்திருக்க மாட்டேன்," என்றார் வெள்ளைச்சாமி, நன்றாக யோசித்துவிட்டு.

நெசவாளர் சங்கச் செயலாளர் ராசாங்கம் அவளிடம் கேட்டதென்னவோ எளிய விஷயம்தான். கண்காட்சிக்கு ஒரு மாதிரிச் சேலை வேண்டும். அவள் டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து தரவேண்டும். நிறம் வெங்காயத்தோலின் இளஞ்சிவப்பு. சந்தேகம் வரக்கூடாதென்று அந்த நிறத்து நூல் ஒன்றைத் தாளில் குத்தியே கொடுத்திருந்தார். சேலை தேறினால் அவள் சங்கத்தின் டிசைனர். தேறாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து ரெட்டிபாளையத்தில் சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடை. கறுப்பும் வெள்ளையும் தவிர வேறெதுவும் நுழையாத இடம்.

ஆனால் வெங்காயத்தோலை அவள் எப்படிச் சகிப்பாள்? மாவட்டம் முழுக்க வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் ஏறினால் காலடியில் வெங்காய மூட்டை. காற்றடித்தால் தலைமுடியில் அதன் சருகு.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கிடைத்த ஒரு கல் நத்தை அவளிடம் இருந்தது. கடல் போன பிறகும் போகாமல் தங்கிவிட்ட நத்தை. அதன் சுருளைத்தான் சேலைக் கரை நெடுக வரைந்திருந்தாள். பிறகு ஒரு நாள், சென்டரின் மூலைக் கம்ப்யூட்டரில் வண்ணக் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனபோது, சேலையின் உடல் திடீரென்று ஆழமானது. பச்சையுமில்லை, நீலமுமில்லை. நத்தைகள் எல்லாம் மூச்சுவிட்டாற்போல் இருந்தது. கடல் திரும்பி வந்துவிட்டது. அவளுக்குக் கண் கலங்கியது.

அன்றிலிருந்து அவள் வேறு கம்ப்யூட்டரில் உட்காருவதில்லை.

"அக்கா, அந்த மூல மிஷின் வேணாம்க்கா. அதுல வந்து..." என்று ஆரம்பித்தாள் சென்டரை நடத்தும் பிரவீணா.

"எனக்கு அதான் வேணும். அதோட வெளிச்சமே தனி."

பிரவீணா உதட்டைப் பிதுக்கிவிட்டு டைப்பிங் பிள்ளைகளிடம் போய்விட்டாள்.

"ஒரு பிரிண்ட் எடுத்துக் குடும்மா," என்றார் வெள்ளைச்சாமி. "அதப் பாத்துப் போட்டுடுறேன்."

பிரிண்டர் நெடுநேரம் முனகிவிட்டு ஒரு தாளைத் தள்ளியது. அச்சு அசல் வெங்காயத்தோல்.

வெள்ளைச்சாமியின் முகம் மலர்ந்தது. "இந்தக் கலருதானா? இது நம்மகிட்ட ரெடியாவே இருக்கே!"

"பிரிண்டர் கெட்டுப் போச்சுண்ணே."

புது மை போட்டார்கள். இன்னும் பளிச்சென்று, அப்போதுதான் உரித்துப் போட்டதுபோல் வெங்காயத்தோல் வந்தது. செயலாளர் பக்கம் சேர்ந்துகொண்ட அந்த இயந்திரத்தைப் புவனேஸ்வரி அதன் பிறகு ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"நீங்களே உள்ள வந்து பாருங்கண்ணே."

வெள்ளைச்சாமி செருப்பைக் கழற்றினார். தோள் துண்டையும் எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். திரையை வெகுநேரம் பார்த்தார்.

"இது கலரில்லம்மா, வெளிச்சம்," என்றார் கடைசியில். "வெளிச்சத்த எந்த அண்டாவுல போட்டு முக்குறது?"

இருந்தாலும் அவர் தோற்றுப் போகிற ஆளில்லை. மறுநாள் ஒரு டிபன் கேரியருடன் வந்தார். நான்கு அடுக்கு, நான்கு சாயம். ஒவ்வொன்றிலும் நூலை நனைத்துக் கண்ணாடித் திரைமீது பிடித்தார். சாயம் சொட்டுச் சொட்டாகக் கீபோர்டில் இறங்கியது.

"அண்ணே! இது என்ன சாயப்பட்டறையா?" என்று பிரவீணா கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

பதறிப்போன வெள்ளைச்சாமி கீபோர்டைத் தூக்கிக் கவிழ்த்தார். நான்கு சாயமும் கலந்து அவர் வேட்டியில் கொட்டியது.

"அண்ணே, அசையாதீங்க!"

புவனேஸ்வரி வேட்டியைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடியும் வேட்டியைப் பார்த்தாள்.

"பிரவீணா, கத்திரிக்கோல் குடு."

"கட்டியிருக்கிறது இது ஒண்ணுதாம்மா," என்றார் வெள்ளைச்சாமி பரிதாபமாக.

உள்ளங்கை அளவு போதும் என்று அவள் சத்தியம் செய்தாள். இடுப்புத் துண்டால் ஓட்டையை மறைத்துக்கொண்டு அவர் பஸ் ஏறினார். அந்தத் துணியைப் பார்த்துப் பார்த்து நூலுக்குச் சாயம் ஏற்றினார். இருபது நாளில் தறியிலிருந்து சேலை இறங்கியது.

சங்க ஆபீஸ் மேசையில் அதை விரித்தாள். ராசாங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"வெங்காயத்தோல் எங்கம்மா?"

"அய்யா, நான் அதப் போடல." அவள் சேலையை இன்னும் ஒரு மடிப்பு விரித்துக் காட்டினாள். "இந்தக் கலர்தான் எனக்குத் தெரிஞ்சுது. தப்புன்னா சொல்லிடுங்க, போயிடுறேன்."

ஜெராக்ஸ் கடையின் பச்சை வெளிச்சம் அவள் கண்ணுக்குள் இப்படியும் அப்படியும் போய்வந்தது.

ராசாங்கம் சேலையை வாசலுக்குக் கொண்டுபோனார். வெயிலில் பிடித்தார். நிழலில் பிடித்தார். திரும்பி வந்து கனைத்துக்கொண்டார்.

"வெள்ளைச்சாமி, இன்னும் இருவது சேலைக்கு இதே சாயம் போடு."

வெள்ளைச்சாமி தன் பழைய வேட்டியை நினைத்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஃப்ளாப்பியக் குடும்மா டிசைனர்," என்றார் ராசாங்கம். "நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சுக்குவோம்."

டிசைனர்! அவள் ஃப்ளாப்பியை இரு கைகளாலும் நீட்டினாள். கம்ப்யூட்டர் கரகரத்தது. திரையில் மேலிருந்து கீழாக டிசைன் விரிந்தது. கரையில் அவளுடைய நத்தைகள். உடல் முழுக்க வெங்காயத்தோல்.

ராசாங்கம் தான் கொடுத்திருந்த நூலைத் தாளோடு திரையருகே வைத்துப் பார்த்தார். எள்ளளவும் வித்தியாசமில்லை.

"நான் சொன்னதத்தானேம்மா வரஞ்சிருக்க. அப்ப இந்தக் கடல் எங்கேருந்து வந்துச்சு?"

புவனேஸ்வரி ஆபீஸ் போனை எடுத்து சென்டருக்கு நம்பர் போட்டாள்.

"பிரவீணா, நீ ஃப்ளாப்பிய மாத்திக் குடுத்துட்டியா?"

"அதெல்லாம் மாறலக்கா," என்றது பிரவீணாவின் குரல். "அந்த மூல மானிட்டர்ல செவப்பே வராது, ஆறு மாசமாச்சு. சொல்லத்தான் வந்தேன், நீங்கதான் அதோட வெளிச்சமே தனின்னுட்டீங்க."