லைசென்ஸ் அண்ணையும் நாலு பிஸ்டல்களும்

பிஸ்டல்களைப் பற்றி லைசென்ஸ் அண்ணைக்குத் தெரிந்த அளவு ரொறன்ரோவில் எந்தப் பொலிஸ்காரருக்கும் தெரிந்திருக்காது. அவர் தன் வாழ்நாளில் ஒரு ரவைகூடச் சுட்டதில்லை. சுடுவது இருக்கட்டும், ஒரு துவக்கைத் தொட்டதுமில்லை.

ஊரில் அவர் இருபத்திரண்டு வருடம் மன்னார்க் கச்சேரியில், அதாவது அரசாங்கக் காரியாலயத்தில், இலிகிதராக இருந்தார். பன்றி விரட்ட வயல்காரர் வைத்திருக்கும் துவக்குகளுக்கு அனுமதிப் பத்திரம் எழுதுவதுதான் வேலை. மனிதரை அவருக்குப் பெயரால் தெரியாது, துவக்கின் வகையாலும் இலக்கத்தாலும்தான் தெரியும். யாராவது கோயிலில் வணக்கம் சொன்னால் ஒரு கணம் யோசித்து, "நீங்கள் அந்த ரெட்டைக்குழல் எல்லோ?" என்று கேட்பாராம். ஒரு வயல்காரர் நன்றிக்காக, "ஐயா, ஒருக்கா வெடி வைச்சுப் பாருங்கோவன்" என்று துவக்கை நீட்டியபோது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாராம்.

"என்னட்ட லைசென்ஸ் இல்லை."

"லைசென்ஸ் குடுக்கிறதே நீங்கள்தானே ஐயா!"

"அதுதான் சொல்லுறன். நான் எனக்குக் குடுக்கேல்ல."

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. தன் பெயரில் முறையான பேப்பர் எடுத்து, முறையான ஓரிடத்தில், ஒரு கடதாசி வட்டத்தைப் பார்த்து ஒருமுறை சுட வேண்டும். ஊரில் அது நடக்கவில்லை. பிறகு ஊரில் துவக்குகளின் காலம் வேறு மாதிரி ஆகிவிட்டது. அவர் கனடாவுக்கு வந்தார்.

1984 மாசி மாதம் ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் என் இரண்டு அறை வீட்டில் ஓர் அறைக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு ஐம்பத்தாறு வயது, எனக்கு நாற்பத்தொன்று. நான் ஒரு களஞ்சியத்தில் குழாய்ச் சாமான்களுக்குக் கணக்கு இடாப்பு வைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களைக் கனடாவுக்கு எடுப்பிப்பதற்கான பேப்பர்களை எழுதித் தந்தவர் லைசென்ஸ் அண்ணைதான். ஓர் எழுத்துக்கூட வெட்டித் திருத்தாமல் பதினொரு பக்கம் எழுதினார். என்னுடன் ஒரே வீட்டில் வசிப்பவர் யார் என்ற கேள்விக்குத் தன் பெயரையும் பிறந்த திகதியையும் தானே எழுதி, மை காயும்வரை ஊதினார்.

சனிக்கிழமை தவறாமல் 11.20 பஸ்ஸில் துவக்குக் கடைக்குப் போவோம். கடைக்காரர் வயதான ஹங்கேரிக்காரர், அண்ணையை 'ப்ரொஃபெசர்' என்று அழைப்பார். எங்களைக் கண்டதும் ஒரு பச்சைத் துணியை விரித்து அதில் மூன்று பிஸ்டல்களை வைப்பார். மூன்றும் முழு அளவுப் பிஸ்டல்கள், ஒரு தரம் சுட்டதும் அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. அண்ணை கைகளைப் பின்னால் கட்டியபடி குனிந்து, முதலில் இலக்கங்களை வாசிப்பார். போன கிழமை எழுதிய இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

"அதே ஆள்தான்" என்பார் திருப்தியோடு. பிறகுதான் மற்றப் பேச்சு.

பிஸ்டல்களுக்குப் பெயர் வைத்திருந்தார். 'அமெரிக்கன்' நாற்பத்தைந்து: பாரம், ஏழு ரவை, சுட்டால் நல்ல உதை. 'பெல்ஜியம்' ஒன்பது மில்லிமீற்றர்: மெலிந்த உடம்பு, பதின்மூன்று ரவை. 'இத்தாலி' புதுசு, பதினைந்து ரவை, ஆனால் பிடி தடிப்பு.

"அமெரிக்கன் நல்ல குடும்பம், தம்பி. பின்னால ஒரு கட்டை இருக்கு, கையால இறுக்கிப் பிடிக்காட்டில் வெடிக்காது. அது மரியாதை. ஆனா பெல்ஜியத்தைப் பாருங்கோ. ரவைக்கூடு செருகாட்டில், உள்ள ஒரு ரவை கிடந்தாலும் வெடிக்காது. இணைப்பு இல்லாத விண்ணப்பத்தை ஏற்கக் கூடாது எண்டு அதுக்கு யாரோ படிப்பிச்சிருக்கினம்!"

"கையில் எடுத்துப் பாருங்கள், ப்ரொஃபெசர்" என்று ஹங்கேரிக்காரர் ஒவ்வொரு சனியும் கெஞ்சுவார். அண்ணை ஒவ்வொரு சனியும், "பேப்பர் வரட்டும்" என்பார்.

தொடாமல் எப்படித் தெரிவு செய்வது? அதற்கும் அவரிடம் வழி இருந்தது. பால் வரும் பிளாஸ்ரிக் பைகளைக் கழுவி, ஒவ்வொரு பிஸ்டலின் பாரத்துக்கும் சரியாகச் சீனி நிறுத்துக் கட்டினார். மாலை நாலு மணிக்கு எங்கள் மாடி நடைபாதையில் நின்று, அமெரிக்கன் பையைத் தோள்மட்டத்தில் நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, எத்தனை நிமிடத்தில் கை நடுங்குகிறது என்று பார்ப்பார். ஒருநாள் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஜமைக்கா நாட்டு அம்மா ஒருவர் நீட்டிய கையையும் சீனியையும் பார்த்தார். "கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, பையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

அண்ணை வெறுங்கையோடு வந்தார்.

"அமெரிக்கனை எதிர்வீட்டு அன்ரி கொண்டுபோட்டா."

"விளங்கப்படுத்தியிருக்கலாமே, அண்ணை."

"என்னெண்டு? உது சீனி இல்லை, பிஸ்டல் எண்டோ?"

ஒப்பீட்டுக் கொப்பியை நான்தான் எழுதினேன். எனக்குக் கோடு போடுவதில் பிரியம். பாரம், நீளம், ரவை, உதை, குறி என்று முதலில் பதினான்கு நிரல்கள். எந்தப் பிடிக்குப் பொருந்தும் என்று, சந்திக்கும் எல்லோருடைய கையையும் அளந்தோம். பங்குத்தந்தையின் கை இத்தாலிக்குப் பொருத்தமாக இருந்தது. அவர் மகிழ்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை.

அஜின்கோர்ட்டில் ஒரு பிறந்தநாள் விழாவில்தான் எனக்குப் பயம் பிடித்தது. கேக் வெட்டும் நேரம், அண்ணை நாலு பேர் நடுவில் நின்று, பதின்மூன்று ரவை போதுமா பதினைந்து வேண்டுமா என்று விளக்கிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் ஒவ்வொருவராகத் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். வீட்டுக்காரர் என்னைக் குசினிக்குள் இழுத்தார்.

"உவர் எந்த இயக்கம்?"

"இயக்கமோ? மாதா சபையைத் தவிர உவர் வேற ஒண்டிலயும் இல்லை."

"பகிடியை விடுங்கோ. உங்கட மனிசி பிள்ளையளின்ர கேஸ் இன்னும் முடியேல்லத்தானே? பிஸ்டல் உள்ள வீடு எண்டு இமிகிரேஷன்காரனுக்குத் தெரிஞ்சால் என்ன நினைப்பான்?"

நான் அப்படி நினைத்துப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வேறொன்றையும் நினைக்கவில்லை. அந்தப் பதினொரு பக்கங்களுக்கு மேல் யாரோ ஒருவர் சிவப்பு மையில் ஒரு வரி எழுதுவது போல எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

1985 வைகாசியில், ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்த அண்ணை சட்டையைக்கூட மாற்றாமல் மேசைக்கு வந்தார்.

"தம்பி, முடிவெடுத்திட்டன். பெல்ஜியம்."

கையில் ஒரு படிவம் இருந்தது. சுடும் கழகத்தில் சேர்ந்தால்தான் பிஸ்டலுக்குப் பேப்பர் கிடைக்கும். கழகத்தில் சேர, அவரை ஒரு வருடமாவது அறிந்த ஒருவர் கையொப்பம் இட வேண்டும். பொலிஸ் அந்த ஆளிடம் விசாரிக்கவும் கூடும்.

"உங்கட கையெழுத்து ஒண்டு வேணும்."

ஏலாது என்று சொல்லியிருக்கலாம். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். அவர் எழுதிய பேப்பர்தானே, அவரை விட யாருக்கு விளங்கும்? நானோ கொப்பியை எடுத்தேன்.

"அண்ணை, அமெரிக்க இராணுவமே நாற்பத்தைந்தை விட்டிட்டு இத்தாலிக்கு மாறிப்போச்சாம். யோசிக்காமலே மாறியிருப்பினம்? குளிருக்குக் கையுறையோட பிடிக்கிறதையும் நாங்கள் பாக்கேல்ல. இன்னும் ரெண்டு நிரல் போட்டுப் பாப்பமே?"

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று நான் குறித்து வைக்கவில்லை. படிவத்தை நாலாக மடித்தார்.

"ஓம். அவசரப்படக் கூடாது" என்றார்.

அன்றிலிருந்து நான் நிரல் போடுவதில் கெட்டிக்காரன் ஆனேன். துரு பிடிக்குமா? இடக்கைக்காரருக்கு உதவுமா? விழுந்தால் கீறுமா? இருபத்தொன்று, இருபத்தாறு என்று நிரல்கள் பெருகின. கொப்பியின் அகலம் போதாமல் ஓரத்தில் கடதாசி ஒட்டினேன். அண்ணை முடிவுக்குக் கிட்ட வருவது போல் தெரிந்தால் புதுச் சந்தேகம் ஒன்றோடு காத்திருப்பேன். அடுத்த வருடம், ஒஸ்ரியாவில் பாதி பிளாஸ்ரிக்கில் ஒரு பிஸ்டல் செய்திருக்கிறார்கள், பதினேழு ரவை என்று ஒரு சஞ்சிகையில் கண்டபோது, அந்தப் பக்கத்தை நானே வெட்டிக்கொண்டு ஓடிவந்தேன்.

"அட! புது மாப்பிள்ளைப் பகுதி ஒண்டு வந்திருக்கு!" என்று அண்ணை கைதட்டினார். "பிளாஸ்ரிக்கோ? எங்கட பால் பை மாதிரியோ? அப்ப முதலில இருந்து எல்லாத்தையும் பாக்க வேணும், தம்பி!"

பச்சைத் துணியில் இடம் போதாமல் ஹங்கேரிக்காரர் அதைவிடப் பெரிய பச்சைத் துணி ஒன்று வாங்கினார். மனிதர் எவ்வளவு இலேசாக ஏமாறுகிறார் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். இன்று அந்தப் பக்கத்தை வாசிக்க எனக்கு முகமில்லை.

1987 ஐப்பசியில் என் மனைவியும் பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். அதற்கு ஒரு கிழமை முன்பே அண்ணை அஜின்கோர்ட்டில் ஒரு நிலக்கீழ் அறைக்கு மாறிவிட்டார். மிச்சமிருந்த சீனிப் பைகள் மூன்றையும் குசினியில் விட்டுப்போனார்.

"பிள்ளையளுக்குத் தேத்தண்ணிக்கு ஆகும். கொப்பியும் இருக்கட்டும். உங்கட எழுத்து, உங்கட சொத்து."

அன்றே நான் கையொப்பத்தைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், குளிர்ச் சட்டை, பல் வைத்தியர் என்று நாட்கள் போயின. எப்படியும் அவர் இன்னும் தெரிவு செய்யவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமைகளில் அவர் தனியாகத்தான் பஸ் ஏறினார்.

நாலு வருடம் கழிந்து, இந்த வருடம் மாசி மாதம் அலுமாரியை ஒழுங்குபடுத்தும்போது கொப்பியை எடுத்தேன். பின் அட்டைக்குள் நாலாக மடித்த ஒரு கடதாசி இருந்தது. கழகத்தின் படிவம். 1985 வைகாசித் திகதி. ஒரு வெட்டும் இல்லாத எழுத்தில் அவர் பெயர், முகவரி, 'பெல்ஜியம், ஒன்பது மில்லிமீற்றர்'. கையொப்பம் இட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஓரத்தில், கச்சேரியின் ஃபைல் கோவைகளில் எழுதும் பாணியில், பென்சிலால் மூன்று வரிகள்:

'தம்பியிடம் இப்போது கேட்டது பிழை. அவருடைய மூன்று பேரும் வந்து சேரட்டும். அதுவரை கோவையில் வைக்கவும்.'

அப்படியானால் இருபத்தாறு நிரல்களும், ஒஸ்ரியாவுக்குக் கைதட்டியதும், இரண்டரை வருடச் சனிக்கிழமைகளும் எனக்காக அவர் நடித்தவை. நான் அவரை ஏமாற்றவே இல்லை. அவர் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

அன்றே கையொப்பம் இட்டு அஜின்கோர்ட்டுக்குக் கொண்டுபோனேன். வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்து, கண்ணுக்கு ஓர் அங்குலம் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"வடிவான கையெழுத்து" என்றார். "ஆனா தம்பி, கண்ணுக்குள்ள பிரஷராம். நடுவில கொஞ்சம்தான் தெரியுது. துவக்கின்ர முன் குறி தெரியாது."

"கழகத்தில ஒருக்காக் கேட்டுப் பாப்பம், அண்ணை. ஒரு தரம் சுடத்தானே?"

"முன் குறி தெரியாதவனுக்கு லைசென்ஸ் குடுத்தால் நான் கிளார்க்கே?"

"நான் அண்டைக்கே கையெழுத்து வைச்சிருந்தால்..."

"தேத்தண்ணி குடியுங்கோ" என்றார். "சீனி போதுமோ பாருங்கோ."

இப்போது மீண்டும் சனிக்கிழமைகளில் ஒன்றாகப் போகிறோம். ஹங்கேரிக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். மருமகன்தான் கடையைப் பார்க்கிறார். ஆனாலும் பச்சைத் துணியை விரிக்கிறார். அண்ணை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிவார். இலக்கம் தெரியாததால் வாசிப்பது என் வேலை.

போன சனிக்கிழமையும் குனிந்தார்.

"பெல்ஜியத்தை வாசியுங்கோ, தம்பி."

வாசிக்கப் போன நான் நிறுத்தினேன். துணியில் இருந்தது வேறு பிஸ்டல். வியாழக்கிழமை பழையதை யாரோ வாங்கிப் போய்விட்டதாக மருமகன் என் காதுக்குள் சொன்னார். அதே வகை, அதே நிறம், இலக்கம் மட்டும் வேறு.

நான் எதையும் பிழையாகப் பதிந்தவன் இல்லை. ஆனால் பழைய இலக்கம் எனக்கு மனப்பாடம். அதை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி, கடைசி இலக்கம்வரை சொன்னேன்.

அண்ணை தலையை ஆட்டினார்.

"அதே ஆள்தானே?"

"ஓம் அண்ணை" என்றேன். "அதே ஆள்தான்."