ஆட்காட்டி செங்கமலம் பாட்டு வாத்தியார் தேடியது

ஒரு காட்டில், செல்போன் கோபுரம் வந்த பிறகும் புலி போகாமலிருந்த காலத்தில், செங்கமலம் என்ற ஆட்காட்டிக் குருவி ஓடைக்கரையில் குடியிருந்தாள். புலி வந்தாலும் வேட்டைக்காரன் வந்தாலும் முதலில் பார்ப்பது அவள்தான். பார்த்ததும் "டிட்-டிட்-டீ!" என்று தொண்டை கிழியக் கத்துவாள். மானும் முயலும் காட்டுப்பன்றியும் விழுந்தடித்து ஓடிப் பிழைக்கும். பிழைத்து, மூச்சு வாங்கி, தண்ணீரும் குடித்த பிறகு, "அந்தப் புலியைக்கூடப் பொறுத்துக்கலாம். இது என்ன குரல்டா சாமி!" என்று அலுத்துக்கொள்ளும். கல்யாணம் காதுகுத்து எதற்கும் அவளைப் பாடக் கூப்பிட்டதில்லை. ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்கள். வாயைத் திறந்ததும் பந்தியில் பாதிப்பேர் இலையை விட்டுவிட்டுப் புதருக்குள் பாய்ந்துவிட்டார்கள்.

அன்று அவள் வெகுநேரம் அழுதாள். பக்கத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த புள்ளிமான் மருதாயிதான் அவளுக்கு இருந்த ஒரே தோழி.

"பாட்டு கத்துக்கப் போறேன்டி," என்றாள் செங்கமலம்.

"கத்துக்கோ. ஆனா வாத்தியாரைப் பாத்துப் பிடி. புருஷன் சரியில்லைன்னா வேற கூட்டுக்குப் போயிடலாம். கெட்டுப்போன தொண்டைய எங்கடி கொண்டுபோய் மாத்துவே?"

முதலில் குயில் கோமளவல்லி அம்மாளின் இசைப்பள்ளிக்குப் போனாள். பறவைகளின் வரிசை மூன்று மரங்களைச் சுற்றி நின்றது. டோக்கன் வாங்கி, இரண்டு நாள் காத்திருந்து, விண்ணப்பத்தை எடுத்தாள். 'குரல் வகை' என்ற இடத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: இனிமை, மிக இனிமை, சொல்ல முடியாத இனிமை. யோசித்துப் பார்த்து மூன்றாவதில் குறி போட்டாள்.

"அம்மா எப்போ சொல்லித் தருவாங்க?" என்று மேசையிலிருந்த மைனாவைக் கேட்டாள்.

"அம்மா யாருக்கும் நேரா சொல்லித் தர்றதில்லை. பேரைப் பதிஞ்சதும் உன்னைக் காக்கா வீட்ல கொண்டுபோய் விட்டுடுவோம். வளந்து பாட ஆரம்பிச்சேன்னா எங்க மாணவி. இல்லேன்னா காக்காவோட மாணவி."

அடுத்தது மயில் வித்வான் நீலமேகம். அவருக்குப் பின்தொடர்வோர் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர் பாடிய காணொளிகளை எல்லோரும் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்த்தார்கள். வித்வான் செங்கமலத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"பாட்டு அப்புறம். முதல்ல தோகைய விரி."

"எனக்குத் தோகை இல்லீங்களே."

"அப்ப சாரீரத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றதா உத்தேசம்?"

மூன்றாவதாக அவள் போன இடத்தில் பெயர்ப்பலகைகூட இல்லை. மூங்கில் புதரில் தனியாக வசித்த குண்டுக்கரிச்சான் குருவி தேசிகன் விண்ணப்பம் கேட்கவில்லை. "கத்து, கேட்கிறேன்," என்றார். அவள் கத்தினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். அவள் பிறந்த நாள் முதலாக, ஓடாமல் உட்கார்ந்து அவள் குரலைக் கேட்ட முதல் ஜீவன் அவர்தான்.

"சுருதி சுத்தமா இருக்கும்மா. கோளாறு ஒண்ணே ஒண்ணுதான். ஒவ்வொரு ஸ்வரத்துலயும் பயம் ஒட்டிக்கிட்டிருக்கு. அதை எடுத்துட்டா போதும்."

சரியான வாத்தியார் கிடைத்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்தாள். முள்ளை எடுப்பது போலப் பயத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார் தேசிகன். பங்குனியில் அரசமரத்தடியில் அரங்கேற்றம். காடே திரண்டு வந்தது. மருதாயி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது பாட்டின் நடுவில், முன்வரிசைக்குப் பக்கத்தில் கோரைப்புல் அசைவதைச் செங்கமலம் பார்த்தாள். மஞ்சளும் கறுப்புமாக ஒரு முதுகு தெரிந்தது.

"டிட்-டிட்-டீ!" என்று கூவினாள்.

அது தேனாக வந்தது. சபை "ஆகா" என்றது. முயல் தொடையில் தாளம் போட்டது. இன்னும் உரக்கக் கூவினாள். இன்னும் இனிமையாக வந்தது. மருதாயி பெருமையில் கண்ணை மூடித் தலையாட்டினாள். அந்தத் தலை ஆடிக்கொண்டிருக்கும்போதே புலி பாய்ந்து அவளைத் தூக்கிப்போனது. பாட்டில் சொக்கியிருந்த சபையில் ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை.

கச்சேரி முடிந்து கலைந்தவர்கள் நெகிழ்ந்து போயிருந்தார்கள். "நடுவுல யாரோ அலறினாங்களே, அது மட்டும் சுருதி சேரலை," என்றது காட்டுப்பன்றி.

செங்கமலம் தேசிகனிடம் ஓடினாள். "ஐயா, கொடுத்ததை எடுத்துக்குங்க. என் பழைய குரல் வேணும்."

"எனக்குக் கற்றுக்கொடுக்கத்தான் தெரியும்மா," என்றார் தேசிகன். "கெடுக்கிறதுக்குன்னு தனித் திறமை வேணும். காட்டோரம் சலவைத்துறையில ஒரு கழுதை வகுப்பு நடத்துறார். அவர்கிட்டப் போன ஒருத்தரும் உருப்பட்டதில்லை."

கழுதை அவளைக் கட்டியணைக்காத குறையாக வரவேற்றது. அவள் எப்படிப் பாடினாலும் "பிரமாதம்!" என்றது. அபஸ்வரம் வந்தால் "அது உன் தனி முத்திரை!" என்றது. நடுநடுவே தானும் சேர்ந்து பாடியது. நாற்பதே நாளில் தேசிகன் கட்டியதெல்லாம் இடிந்து விழுந்தது. சான்றிதழோடு ஓடைக்கரைக்குத் திரும்பினாள்.

பயம் மட்டும் திரும்பவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். சித்திரை வெயிலில் எல்லோரும் தண்ணீர் குடிக்க வந்த நேரம், எதிர்க்கரையில் அந்த முதுகு மறுபடி தெரிந்தது. மருதாயியின் மூடிய கண்கள் ஞாபகத்துக்கு வந்தன. செங்கமலம் வாயைத் திறந்தாள்.

அப்படி ஒரு நாராசத்தைக் காடு அதுவரை கேட்டதில்லை. குடித்த தண்ணீர் மூக்கில் ஏற, எல்லாமே ஒரே ஓட்டமாக ஓடின. ஒரு குட்டிகூடச் சாகவில்லை. புலி காதைப் பொத்திக்கொண்டு மலைக்குப் போய்விட்டது.

மேட்டில் ஏறி நின்று, நாக்குத் தள்ள மூச்சு வாங்கியபடி, முயல் காட்டுப்பன்றியிடம் சொன்னது:

"எப்படிப் பாடிக்கிட்டிருந்த பொண்ணு! எந்த வாத்தியார்கிட்டப் போய் இப்படிக் கெட்டுச்சோ!"

"அதான் சொல்றேன்," என்றது காட்டுப்பன்றி. "நல்ல குருவா பாத்துச் சேரணும்."

நீதி: நல்ல வாத்தியாரிடம் கற்றால் உனக்குக் கைதட்டல் கிடைக்கும், மோசமான வாத்தியாரிடம் கற்றால், உன்னைத் திட்டுவதற்காவது ஊரில் ஆள் மிச்சமிருக்கும்.