ராசிபுரத்து வெள்ளிக்காரர்

வெள்ளிக் கிரகத்துக்குப் பஸ் விட்டால், கண்டக்டரிடம் "எடம் வந்ததும் எழுப்பிவிடுங்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் வெள்ளிக்காரர்.

ராசிபுரம் பக்கத்துக் கல்லூரியில் கோள்களை ஆராய்ந்த பேராசிரியர். கோள்களுக்குப் போக வழியில்லாததால் அவற்றை இங்கே வரவழைப்பார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நான் அவருக்கு ஆய்வு உதவியாளன். செவ்வாயின் குளிரை அவர் உண்டாக்கிய பெட்டியில் ஒருநாள் என் தயிர்சாதத்தை வைத்துவிட்டேன். மத்தியானம் சுத்தியலால் உடைத்துத்தான் சாப்பிட்டேன்.

வெள்ளிக்குத் தனி மரியாதை. போர்வெல் லாரிப் பட்டறையில் செய்த இரும்பு உருளை. உள்ளே கரியமில வாயு, கந்தகப் புகை, ஈயம் உருகும் சூடு, கடலடி அழுத்தம். சித்திரை வெயிலில் ஊரே சுருண்டால், "இதெல்லாம் ஒரு வெயிலுங்களா? வெள்ளியில இது மார்கழிங்க" என்பார்.

ஒரே தொல்லை, மூடி கசிந்தது. எந்த வாஷர் போட்டாலும் கருகிப் போனது. திங்கட்கிழமை சோதிக்க வரும் கல்லூரிக் குழுவின் முன் ஒரு நாள் முழுக்க அழுத்தம் நிற்காவிட்டால், எங்கள் ஆய்வுக் கொட்டகை பைக் ஸ்டாண்ட் ஆகிவிடும்.

அப்போதுதான் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு கொலுசுப் பட்டறைக்காரர் வெள்ளிக் கம்பிச் சுருளோடு வந்தார். செவ்வாயிலிருந்து வெள்ளிக்கு வந்த முதல் மனிதர்!

"ஏனுங்க, இங்க வெள்ளி தயார் பண்றீங்களாமா? நம்ம சரக்கோட ஒத்துப் பாக்கலாம்னு வந்தேனுங்க."

"ஆமாங்க," என்றார் எங்கள் ஆள் பெருமையாக. "நம்ம வெள்ளியில ஈயம் ஆறா ஓடுமுங்க."

"ஈயமா! கலப்படத்த இப்படி நெஞ்ச நிமித்திச் சொல்றவர இன்னிக்குத்தானுங்க பாக்கறேன்!"

நான் கரும்பலகையில் சூரியனிலிருந்து ஆரம்பித்து விளக்கியபின் கொலுசுக்காரரின் கோபம் இறங்கியது. மூடியைத் தடவிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"இதுக்கு மெத்துனும் இருக்கோணும், உருகவும் கூடாது. சுத்த வெள்ளியில வளையம் போடுங்க, சாமி."

தன் சுருளிலிருந்தே வளைத்து, பற்றவைத்துக் கொடுத்தார்.

குழு வந்தது. அழுத்தமானியின் முள் நாள் முழுக்க அசையவில்லை. வெள்ளிக்காரர்தான் என்னை அதட்டிக்கொண்டிருந்தார்: "மெல்ல மூச்சு உடு தம்பி, முள்ளு ஆடிரும்!"

கொட்டகை பிழைத்தது. வளையம் மட்டும் கரியாய்க் கறுத்திருந்தது.

"குடுங்க, பளபளன்னு பண்ணித் தாரேன்," என்றார் கொலுசுக்காரர்.

"தொடாதீங்க! அது வெள்ளிக்குப் போயிட்டு வந்த வெள்ளி!"

நான் வேலை கிடைத்து வெளியூர் கிளம்பிய அன்று, வெள்ளிக்காரர் அந்த வளையத்தை என் கையில் வைத்து மூடினார்.

வீட்டில் அம்மா அதைப் பார்த்துவிட்டார். "ஏஞ்சாமி, இப்படிக் கறுத்துக் கெடக்குது?"

"அது வெள்ளியில இருந்து வந்ததும்மா."

"வெள்ளிக்கெழம வந்தா நல்லதுதான். குடு, திருநீறு போட்டுத் தேச்சுத் தாரேன்."

கொடுக்க மனம் வரவில்லை. எங்கள் வெள்ளிக்காரர் எனக்கென்று தந்தது அந்தக் கறுப்பைத்தானே.