டிக்கிக்குக் குடிபோன பேட்டரி

பேட்டரி இனம் இதுவரை பட்ட அவமானங்களுக்கெல்லாம் ஒரு சனிக்கிழமை காலையில் விடிவு பிறந்தது. அதைப் பிறப்பித்த மகானைப் பெயின்ட் தொழிற்சாலையில் எல்லோரும் 'ஹெல்மெட்' என்றுதான் சொல்வார்கள். அங்கே அவர் பாதுகாப்பு அதிகாரி. கேன்டீனில் சாப்பிடும்போதுகூடத் தலைக்கவசத்தைக் கழற்றாதவர். கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்கியதற்காக முதலாளிக்கே மெமோ கொடுத்த தீரர்.

அப்பேர்ப்பட்டவர் ஆசை ஆசையாய் ஒரு சிவப்பு வேகக் கார் வாங்கியிருந்தார். கதவு இரண்டே இரண்டு. பின்னால் பேருக்கு ஒரு சீட், அது மகளுக்கு. வாங்கிய கையோடு வேகக்கார் கிளப்பிலும் சேர்ந்துவிட்டார். கிளப் திடலில் வண்டி ஓட்ட 'பாதுகாப்புச் சான்றிதழ்' வேண்டும். தொழிற்சாலை முழுக்கப் பாதுகாப்பு பற்றி உபதேசம் செய்கிற மனிதருக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்றால், அப்புறம் எந்த முகத்தோடு கேன்டீனுக்குப் போவது?

கிளப்பில் அப்போது பேட்டரியை டிக்கிக்கு மாற்றுவதுதான் நாகரிகம். முன்பக்கப் பாரம் குறைந்தால் வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்குமாம். ஹெல்மெட் வேலைக்குப் போகிற வழியில் இருப்பது ஒரே ஒரு வளைவு. அதிலும் எந்நேரமும் குப்பை லாரி நிற்கும். இருந்தாலும் கொள்கை கொள்கைதானே.

"வண்டி குப்புறக் கவிழ்ந்தாலும் பேட்டரி இம்மி அசையக்கூடாது. அதுதான் கிளப் விதி," என்று மெக்கானிக்கிடம் கறாராகச் சொன்னார்.

மெக்கானிக் டிக்கியின் அடித்தகட்டைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "தகடு மெல்லிசு சார். போல்ட் தாங்காது. இந்தப் பக்கத்துல பலமான இடம்னா ஒண்ணுதான் இருக்கு. பின்சீட் பெல்ட்டை மாட்டியிருக்கானே, அந்த இடம்."

"பெல்ட்டைக் கழட்டிட்டு அங்கிருந்து இரும்புச் சட்டம் கொடுத்தா?"

"மலை மாதிரி நிக்கும்."

"கழட்டுங்க."

கழற்றிய பெல்ட்டும் வீண்போகவில்லை. நல்ல கெட்டி நாடா ஆயிற்றே! பேட்டரிப் பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்கள். பெட்டிக்குக் காற்றுப்புகாத மூடி வந்தது. உள்ளே வாயு சேர்ந்தால் வெளியேற ஒரு குழாய், கேபிள் தகட்டில் உரசாமல் இருக்க ரப்பர் வளையம், பக்கத்திலேயே ஃபியூஸ், ஆபத்தென்றால் மின்சாரத்தைத் துண்டிக்க வெளியில் ஒரு சுவிட்ச். பிறந்த குழந்தைக்குக்கூட இவ்வளவு செய்ய மாட்டார்கள். ஹெல்மெட்டும் செய்ததில்லை.

மறுநாள் கிளப்புக்குக் கிளம்பும்போது அவர் மனைவி பின்சீட்டைத் தடவிப் பார்த்தாள். "பாப்பாவோட பெல்ட் எங்கங்க?"

"பேட்டரிக்குப் போட்டிருக்கேன்."

"அப்ப இவளுக்கு?"

"முன்சீட்டைக் கெட்டியாப் பிடிச்சுக்குவா. பேட்டரிக்குக் கை இருக்கா, சொல்லு?"

பேட்டரிக்குக் கை இல்லை என்பது மறுக்க முடியாத விஞ்ஞானம். மனைவி மறுக்கவில்லை. மகளை முன்சீட்டில் உட்காரவைத்துப் பெல்ட் போட்டாள். தான் பின்சீட்டில் முழங்காலை மடக்கி நுழைந்துகொண்டாள். கிளப்பில் நாலு பெரிய மனிதர்கள் இருப்பார்கள், அவர்களிடமாவது கேட்டுவிடலாம் என்றுதான் வந்தாள்.

பெரிய மனிதர்கள் இருக்கத்தான் செய்தார்கள். பாதுகாப்புக் குழுவின் தலைவர் பல் டாக்டர். ஆடுகிற பல்லைப் பிடிப்பதுபோல் பேட்டரியைப் பிடித்து இப்படியும் அப்படியும் உலுக்கினார். டாக்டர்தான் ஆடினார். பேட்டரி ஆடவில்லை.

"பிரமாதம். விபத்து நடந்தா பேட்டரிக்கு என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது சார்," என்றார் ஹெல்மெட்.

"சார், பின்சீட்ல இருக்கிறவங்களுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள் மனைவி.

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் ஜவுளிக்கடைக்காரர், வாடிக்கையாளரைச் சமாளித்துப் பழகியவர். "நல்ல கேள்விம்மா. ஆனா அது எங்களுக்குக் கீழ வராது. ஆட்களுக்குன்னு தனியா ஒரு குழு போடணும்னு போன கூட்டத்துலயே பேச்சு வந்துச்சு. அதுக்குள்ள டீ வந்துடுச்சு."

"அப்ப இந்த வண்டி பாதுகாப்பான வண்டியா, இல்லையா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? இந்த வருஷத்துலயே இதுதான் பாதுகாப்பான வண்டி."

கைதட்டல் ஓய்வதற்குள் சான்றிதழ் கைக்கு வந்தது. ஹெல்மெட்டுக்குத் தலைகால் புரியவில்லை. நாளைக்கே கேன்டீனில் அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட வேண்டும் என்று பேசிக்கொண்டே வண்டியை வீட்டுக்குத் திருப்பினார். பின்னாலிருந்து, "மெதுவாப் போங்க," என்று குரல் வந்தது. சான்றிதழ் பெற்ற வண்டியை மெதுவாக ஓட்டுவது சான்றிதழுக்கே அவமரியாதை அல்லவா?

வீட்டுத் தெரு திரும்பும் இடத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. ஹெல்மெட் பிரேக்கை ஓங்கி மிதித்தார். நலம் விசாரிக்க வந்ததுபோல் வண்டி நாயின் மூக்குக்கு முன்னால் போய் நின்றது. பின்னால் மட்டும் 'ணங்' என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தத்தில் ஹெல்மெட்டின் ரத்தம் உறைந்துவிட்டது. கதவைத் திறந்து போட்டபடியே பின்பக்கம் ஓடினார். டிக்கியைத் திறந்தார். மூடி பத்திரம். குழாய் பத்திரம். நாடா போட்டது போட்டபடி இருந்தது. இரண்டு கையாலும் உலுக்கினார், இம்மி அசையவில்லை. கடமையில் வழுவாத அந்த மனிதருக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"ஒண்ணும் ஆகல. நல்லவேளை, ஒண்ணுமே ஆகல," என்றார்.

மகள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"அப்பா, அம்மா டிக்கியில இல்லப்பா. இங்க இருக்காங்க. நெத்தியில ரத்தம் வருது."