கடைமடை வீட்டு இணையம்

வலங்கைமானில் எங்கள் தெருப் பொதுமக்களுக்கு ஆடிப்பெருக்கு பிராட்பேண்ட் நிறுவனம் இணைய இணைப்பு வழங்கி இரண்டு ஆண்டுகள் இனிதே நிறைவடைந்துவிட்டன. இணையம்தான் வரவில்லை. அப்படிச் சொல்வதும் அநியாயம். வரும். எல்லாரும் சௌக்கியமா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

புகார்களை இணையத்தின் வழியாக மட்டுமே பதிவு செய்ய வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. ஆகவே எங்களிடமிருந்து ஒரு புகாரும் பதிவாகவில்லை. புகாரே இல்லாத தெரு என்று பாராட்டுச் சான்றிதழ் வந்தது, தபாலில்.

நாங்கள் இப்படியே காலத்தை ஓட்டியிருப்போம். அரிசிக்கடை மீரா உசேனின் மகள் ஷமாவுக்கு நேர்காணல் வந்து கெடுத்தது. எம்.காம் முடித்து மூன்று வருஷமாக வேலைக்கு அலைகிற பெண். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஆன்லைனில் நேர்காணல். இதுவும் தவறினால் கடையில் வந்து உட்கார வேண்டியதுதான் என்று அத்தா சொல்லிவிட்டார். எந்தக் கம்பெனி என்று கேட்டால் மட்டும் அவள் பேச்சை மாற்றினாள்.

மகள் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் மீரா உசேன் பிராட்பேண்ட் அலுவலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். புதன்கிழமை கள அலுவலர் தியாகராசன் நேரில் வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

"நெட் நல்லாத்தாங்க வருது. நீங்க கடைமடையில இருக்கீங்க, அதான் பிரச்சினை."

"கடைமடையா?"

"பஸ் ஸ்டாண்டு பக்கமெல்லாம் தலைமடைங்க. அவங்க படம் பாத்து மிச்சம் விட்டாத்தானே உங்களுக்கு?"

காவிரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இந்த நியாயம் உடனே புரிந்துவிட்டது. இது தெரியாமல் இரண்டு வருஷம் கம்பெனியைத் திட்டினோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் வாய்க்கால் ஷட்டரைத் திறந்து மூடிய லஸ்கர் சவரிராஜ், இப்போது ஓய்வில் இருப்பவர், முன்னால் வந்தார்.

"தண்ணி பத்தலைன்னா என்ன செய்வோம்? முறை வைப்போம். வீட்டுக்கு ஒரு மணி நேரம். மத்தவங்க மோடத்த அணைச்சிடணும்."

முறை அன்றே அமலுக்கு வந்தது. சவரிராஜ் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாக மோடம் பார்த்தார். மண்வெட்டி எதற்கு என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஜூலியட் டீச்சர் திருட்டுத்தனமாக மோடத்தைப் போட்டுச் சமையல் வீடியோ பார்த்துப் பிடிபட்டார்.

"மடைய உடைச்சிட்டீங்களே டீச்சர்" என்று தெருவே கூடிக் கேட்டது. அவருடைய முறை ரத்து செய்யப்பட்டது.

வியாழன் பதினொரு மணி. மற்ற முப்பத்திரண்டு வீட்டிலும் மோடத்தை அணைத்துவிட்டு, மீரா உசேன் வீட்டு ஜன்னலில் முண்டியடித்து நின்றோம். நெட் பிய்த்துக்கொண்டு வந்தது. சென்னையிலிருந்த அதிகாரிதான் வாயைத் திறந்தபடியே உறைந்துபோனார். நாலு நிமிஷம் கழித்து அசைந்தார்.

"சாரிம்மா, ஆபீஸ்ல நெட் கொஞ்சம் டல். நம்ம ஆடிப்பெருக்கு நெட்டுதான்."

எந்தக் கம்பெனி என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஷமா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

"நெட் வரலைன்னு கஸ்டமர் சத்தம் போட்டா என்ன சொல்வீங்க?"

"நீங்க கடைமடையில இருக்கீங்கன்னு சொல்வேன் சார்."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். வேலை கிடைத்துவிட்டது. குறைதீர்ப்பு அலுவலர் பதவி, வீட்டிலிருந்தபடியே பணி. தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தார் மீரா உசேன். எங்களுக்கும் தாங்க முடியாத சந்தோஷம்.

இப்போது காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை மொத்த முறையும் ஷமாவுக்குத்தான். நெட் வரவில்லை என்று நாங்கள் போனில் சொல்வதைப் பதிவு செய்ய அவளுக்கு நெட் வேண்டுமல்லவா? நேற்று மீரா உசேனே கூடத்தில் உட்கார்ந்து போன் போட்டார்.

"ஷமா, வீட்டுல நெட்டு வரலம்மா."

"மெதுவா பேசுங்க அத்தா, உள் ரூம் வரைக்கும் கேக்குது. உங்க புகார் பதிவாயிடுச்சு."

அடுத்த நிமிஷம், தங்கள் குறை தீர்க்கப்பட்டது என்று செய்தி வந்தது. அதை அவர் தெரு முழுக்கக் காட்டிப் பூரித்தார். நாங்களும் தினம் ஆளுக்கொரு புகார் கொடுத்துவிடுகிறோம். நம் தெருப் பெண்ணுக்கு வேலை நிலைக்க வேண்டுமே.

இன்று காலை தியாகராசன் புது கேபிளோடு வந்தார். தெருமுனையில் சவரிராஜ் மண்வெட்டியோடு நின்றார். திருப்பி அனுப்பிவிட்டோம்.