மடை திறந்த வாத்தின் மீது மூன்று கருத்துரைகள்

ஒரு விளையாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்கு அதை ஒருமுறையாவது ஆடிப் பார்க்க வேண்டுமா, வேண்டாமா என்பது தேனி மாவட்டத்தைப் பொறுத்தவரை நெடுநாள் நிலுவையில் இருந்த விஷயம். சென்ற ஜூன் மாதம் அது ஒருவழியாகத் தீர்மானமாயிற்று. வேண்டாம்.

தீர்மானத்துக்குக் காரணமானவள் சின்னமனூர் அனிதா மேரி. வயது இருபத்தாறு. வாஷிங் மெஷின் ஓடவில்லை என்று போனில் திட்டுகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் வேலையில் பெங்களூரில் மூன்று வருடம் இருந்தாள். ஆறு மாதம் லீவு சொல்லிவிட்டு ஊருக்கு வந்தவள், வீட்டு மாடியறையில் உட்கார்ந்து ஒரு கணினி விளையாட்டைச் செய்து முடித்தாள்.

ஆட்டம் சின்னது. ஒரு வயல், ஒரு வாய்க்கால், ஒரு மடை, ஏழு வாத்து. மூத்த வாத்து நாம். அலகால் சேற்றைத் தள்ளலாம், வரப்பை உடைக்கலாம், வயல் பொம்மையின் தொப்பியைப் பிடுங்கிப் படகு விடலாம், குளிக்கிறவர் கரையில் வைத்த துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். மடைப் பலகையைக் கொத்தித் தூக்கினால் தண்ணீர் வரும். ஏழு வாத்தும் குளத்தில் போய்ச் சேர்ந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. இப்படித்தான் சேர வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. மொத்தம் நாற்பது நிமிஷம். ஆடியவர்கள் எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள்.

சென்னையில் ஒரு கண்காட்சி. அங்கே தேர்வானால் அடுத்த ஆட்டம் செய்ய ஒரு வருடம் வேலை கொடுப்பார்கள், ஊரில் இருந்தே செய்யலாம். ஆனால் விண்ணப்பத்தோடு மாவட்டப் படைப்புத்தொழில் மேம்பாட்டு அலகின் பரிந்துரை வேண்டும். மாதக் கடைசிக்குள் அது வரவில்லை என்றால் முதல் தேதி மறுபடி பெங்களூர், மறுபடி மன்னிப்பு.

மேற்படி அலகு தேனியில் ஒரு மாடியில் இருந்தது. கண்காணிப்பாளர் ராக்கையா விண்ணப்பத்தை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"மூணு பேரு கருத்துரை வேணும்மா. குழு இருக்கு. அவுக பாத்து எழுதுவாக."

"லேப்டாப் கொண்டாந்திருக்கேன் சார். இப்பவே ஆடிப் பாக்கலாம்."

ராக்கையா பதறிவிட்டார். "அலுவலக நேரத்துல விளையாடக் கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கு."

"அப்ப சாயங்காலம் பாக்கலாமா சார்?"

"சாயங்காலம் அலுவலகம் கிடையாது. அலுவலகம் இல்லாத நேரத்துல அலுவலகக் கருத்து எப்படிம்மா வரும்?"

நியாயமான கேள்விதான். அவரே வழியும் சொன்னார். "ஆட்டத்த அச்செடுத்து மூணு பிரதி குடுத்துரு."

அவள் வீட்டுக்குப் போய் நாற்பது நிமிஷத்தையும் படம் பிடித்து, நூற்றுப் பன்னிரண்டு பக்கம் அச்செடுத்து, ஸ்பைரல் போட்டுக் கொண்டுவந்தாள். ராக்கையா விரலை நனைத்து நனைத்துப் புரட்டினார்.

"முப்பத்தொண்ணாம் பக்கத்துல வாத்து வரப்புக்கு இந்தப் பக்கம் நிக்கிது. முப்பத்திரண்டுல அந்தப் பக்கம் நிக்கிது. நடுவுல எப்படிப் போச்சு?"

"நடந்து போச்சு சார்."

"அதுக்குப் பக்கம் இல்லையே."

முப்பத்தொன்று அ, முப்பத்தொன்று ஆ என்று இரண்டு பக்கம் சேர்க்கப்பட்டன. பிரதிகள் குழுவுக்குப் போயின.

குழுவில் முதலாமவர் பேச்சிமுத்து, நீர்ப் பங்கீட்டில் நீண்ட அனுபவம் உள்ளவர். அனிதா மேரியை எதிரே உட்கார வைத்துப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தட்டிக் காட்டினார்.

"மடையத் தொறக்கிறது யாரு?"

"வாத்து சார்."

"அது தெரியுது. யாரு உத்தரவுல?"

"உத்தரவெல்லாம் இல்ல சார். அதுக்குத் தண்ணி வேணும். தொறக்குது."

பேச்சிமுத்து நாற்காலியில் சாய்ந்தார். "ஏம்மா, நீயும் இந்தக் கம்பம் பள்ளத்தாக்குல பெறந்த புள்ளதானே? அணையில தண்ணி தொறக்கிறதப் பாத்ததே இல்லையா? எத்தன பேரு வருவாக! மேடை போடுவாக. சால்வை போத்துவாக. தட்டுல பூவ அள்ளித் தண்ணியில போடுவாக. பெறகுதான் தண்ணி. இங்கன என்னடான்னா ஒரு வாத்து மூக்கால நெம்பி விட்டுட்டுப் போகுது. நாளைக்கி இதப் பாத்துட்டு நாலு விவசாயி கேக்க மாட்டானா?"

"என்னன்னு சார்?"

"நாமளே தொறந்துக்கலாமேன்னு."

இரண்டாமவர் கால்நடை மருத்துவர் ராமுத்தாய். நல்ல மாதிரி. டீ வாங்கிக் கொடுத்து, "ஆத்தா, ஆட்டம் அழகா இருக்கு. ஆனா ஏழு வாத்துக்கும் தடுப்பூசிச் சான்று எங்க?" என்று கேட்டார்.

"படத்துல வரஞ்ச வாத்து மேடம்."

"அதனாலதான் கேக்குறேன். நெச வாத்துன்னா நானே போயிப் பாத்திருவேன். இதுக்குச் சான்று தவிர வேற வழியே இல்ல பாரு."

மூன்றாமவர் அதிகாரி அல்ல, பொதுமக்கள் பிரதிநிதி. மாரிசெல்வம் என்ற அந்த இளைஞர் யூடியூபில் படம், பரோட்டா, பைக் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுகிறவர். கம்பத்தில் அவரைத் தெரியாத ஓட்டல் கிடையாது. கழுத்தில் ஹெட்போன் எப்போதும் தொங்கும். அதில் பாட்டுக் கேட்டு யாரும் பார்த்ததில்லை.

"அஞ்சுக்கு ரெண்டே முக்கால்," என்றார்.

"எதுக்குண்ணே கொறைச்சீங்க?"

"மொதல் பாதி ஓகே. செகண்ட் ஆஃப் ரொம்ப லேக்."

"எதுவரைக்கும் புரட்டுனீங்க?"

"தொப்பி வரைக்கும்."

"அது மூணாவது நிமிஷம்ணே."

"அதுக்கே எனக்கு லேக் தெரிஞ்சிருச்சுல்ல? அப்புறம், வில்லன் இல்ல. எமோஷன் கனெக்ட் ஆகல. நாப்பது நிமிஷத்துல முடிச்சா எவன் மதிப்பான்? மூணு மணி நேரமாவது மனுசன உக்கார வைக்கணும்."

மூன்று கருத்துரைகளும் உதவி இயக்குநர் தங்கப்பாண்டியன் மேசைக்கு வந்தன. அவர் முரண்பாடுகளை விரும்பாதவர். 'மேற்கண்ட குறைகளை முழுமையாகக் களைந்து, திருத்திய ஆட்டத்தை ஐந்து தினங்களுக்குள் மறுசமர்ப்பிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று கையெழுத்திட்டார். மாதம் முடிய ஆறு நாள் இருந்தது.

அனிதா மேரி பஸ்ஸில் அழுதாள். வீரபாண்டி தாண்டியதும் அழுகை நின்றது. வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தவள் நான்கு நாள் மாடியை விட்டு இறங்கவில்லை. சோறு கொண்டுபோன அம்மா செபஸ்தியம்மாள் திரையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏத்தா, அந்த வாத்து எதுக்குப் பெஞ்சுல உக்காந்திருக்கு?"

"டோக்கன் வாங்கியிருக்கும்மா."

"தண்ணிக்கா?"

"தண்ணிக்கு விண்ணப்பம் வாங்கறதுக்கு."

"ரேஷன் கார்டு கொண்டு வந்துச்சா?"

அனிதா மேரி பிறகு அதையும் சேர்த்துக்கொண்டாள்.

திருத்திய ஆட்டத்தில் வாய்க்கால் கரையில் ஓர் அலுவலகம் எழுந்தது. வாத்து டோக்கன் வாங்க வேண்டும். முறை வந்தால் விண்ணப்பம். விண்ணப்பத்துக்குத் தடுப்பூசிச் சான்று. சான்றுக்கு வேறொரு ஜன்னல். அங்கே வேறொரு டோக்கன். எல்லாம் சரியானால் விருந்தினருக்கு நாள் குறிப்பார்கள். மேடை, சால்வை, வரவேற்புரை, பூ. நன்றியுரையை நடுவில் நிறுத்த முடியாது. பிறகு தண்ணீர். மொத்தம் மூன்று மணி பத்து நிமிஷம்.

இந்த முறை அச்சுப்பிரதி எண்ணூறு பக்கம். ராக்கையா கையில் தூக்கிப் பார்த்தே திருப்திப்பட்டார். பேச்சிமுத்துவுக்குச் சால்வை போர்த்தும் பக்கத்தில் கண் கலங்கிவிட்டது. ராமுத்தாய், சான்றில் முத்திரை சரியான இடத்தில் விழுந்திருப்பதாகப் பாராட்டினார். "இப்பத்தாம்மா விளையாட்டு மாதிரி இருக்கு," என்று தங்கப்பாண்டியன் கடைசி நாள் மாலை ஐந்தே முக்காலுக்குப் பரிந்துரையில் கையெழுத்துப் போட்டார்.

சென்னையில் ஆட்டம் தேர்வானது. பெங்களூர்க்காரர்களிடம் அனிதா மேரி கடைசியாக ஒருமுறை மன்னிப்புக் கேட்டு வேலையை விட்டாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் விமர்சனம். 'காத்திருப்பின் அழகியல்' என்று ஒருவர் நான்கு பக்கம் எழுதினார். பெஞ்சின் கால் ஒன்று குட்டையாக இருப்பது நம் காலத்தின் குறியீடு என்றார் இன்னொருவர். அது அவள் தூக்கக் கலக்கத்தில் தவறாக வரைந்தது. ஜன்னலில் இருப்பவருக்கு ஒரு மீனைக் கொடுத்து முன்னால் போக வசதி செய்யாதது பெரிய குறை என்று பலர் வருந்தினார்கள். மாரிசெல்வம் நாலரை கொடுத்து, "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு வீடியோ போட்டார். பள்ளத்தாக்கு முழுவதும் ஆட்டம் பரவியது. தாலுகா ஆபீஸ் பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் போனில் வாத்தையும் டோக்கனோடு உட்கார வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர்களும் அதையேதான் செய்ததால் இரண்டு வரிசையும் நகரவில்லை.

போன வாரம் ஒரு பேட்டியில் அனிதா மேரியிடம் கேட்டார்கள்.

"அலுவலகத்தைச் சேர்த்தப்போ, வாத்து தானா மடையத் தொறக்காம இருக்க என்ன பண்ணுனீங்க? அதுதான் ரொம்பச் சிரமமா இருந்திருக்கும்?"

"அதுல நான் கையே வைக்கலங்க," என்றாள். "அவுக கருத்துரையில மேடை வேணும், சான்று வேணும்னுதான் இருந்துச்சு. பலகையப் பூட்டச் சொல்லி யாரும் எழுதல. இப்பவும் கொத்துனா தொறக்கும். நாப்பது நிமிஷத்துல முடிஞ்சிரும்."

"அப்படியா! எத்தன பேரு கொத்தித் தொறந்தாக?"

அவள் போனை எடுத்துக் கணக்குப் பார்த்தாள். "நாப்பதாயிரம் பேரு ஆடியிருக்காக. தேர்வுக்குழுவும் அதுல உண்டு. இதுவரைக்கும் யாரும் கொத்தலங்க."

போனில் பேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த நான் உடனே அதை நிறுத்திவிட்டு ஆட்டத்தைத் திறந்தேன். என் வாத்து பெஞ்சில் இருந்தது. மடை பக்கத்திலேயே, கழுத்தை நீட்டினால் எட்டிவிடும். என் டோக்கன் அறுபத்து மூன்று. உள்ளே ஐம்பத்தெட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நேரம் இருந்தாயிற்று. இன்னும் ஐந்து பேர்தானே.