சம்பந்தியம்மாளுக்குப் போன மணிச்செருப்பு

காஜா பேராங், மலாக்கா
10-9-1958

அன்புத் தங்கை பூங்காவனத்துக்கு அண்ணன் பொன்னுதுரை ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணி பொன்னம்மாவும் சுகம். அங்கு நீயும் உன் மகள் கல்யாணப்பெண் ஜெயாவும் சுகமாக இருக்க மாரியம்மன் பார்த்துக்கொள்வாள்.

நடந்தது அத்தனையும் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரும் என்றுகூட முதலில் சொன்னவன் நான்தான். கோப்பிக்கடையில் யாரை வேண்டுமானாலும் கேள். மலாயாவிலிருந்து ஊருக்கு எல்லாரும் கம்பளியும் தைலமும்தான் அனுப்புகிறார்கள். ஜெயாவின் வருங்கால மாமியாருக்கு அவருக்கென்றே செய்த பொருளாக அனுப்ப நினைத்தேன். இங்கே சீன நோன்யா வீடுகளில் கல்யாணம் என்றால், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் பாசிமணி கோத்துத் தைத்த செருப்பு கொடுப்பது பெரிய மரியாதை. அடுத்த தெரு நோன்யா கிழவியிடம் போய், இடது காலில் ‘பாக்கிய’, வலது காலில் ‘லட்சுமி’ என்று சம்பந்தியம்மாள் பெயரைத் தைக்கச் சொல்லி நானே எழுதிக் கொடுத்தேன். நீ அனுப்பிய போட்டோவில் அம்மாளின் கால் விழவில்லை. ஆகிருதியானவராகத் தெரிந்ததால் என் கால் அளவையே கொடுத்துவிட்டேன்.

உன் அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். “ஏங்க, சம்பந்திக்குப் போயி யாராச்சும் செருப்பு அனுப்புவாங்களா? அதுலயும் லட்சுமி பேரப் போட்டு?”

“மலாக்கா வழக்கம் ஒனக்கு என்னா தெரியும்?”

“நான் இங்கயே பொறந்தவ. நீங்கதான் கப்பல்ல வந்தவரு.”

இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் பதில் சொல்கிற பழக்கம் எனக்கில்லை. நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறிய மளிகைக்கடை நாகூர் மீரானிடம் பொட்டலத்தைக் கொடுத்தனுப்பினேன்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் கூடியிருந்த கூடத்தில் அம்மாள் பிரித்துப் பார்த்து, “என் பேர நானே மிதிக்கணுமா? செருப்பால அடிக்கிறத உங்கண்ணன் கப்பல்ல ஏத்தி அனுப்பியிருக்காரு” என்று கல்யாணத்தையே நிறுத்திவிட்டதாக அழுது எழுதினாய். நான் பதறவில்லை. அன்றைக்கே அம்மாளுக்கு ஏர்மெயில் போட்டேன். அது செருப்பே இல்லை, மகாலட்சுமியின் பாதுகை. மனிதக் காலுக்கு இல்லாததால்தான் அவ்வளவு பெரிசு. மலாக்காவின் பெரிய வீடுகளில் பட்டு விரித்து அதன்மேல் வைப்பார்கள். அனுப்புமுன் ஒரு மண்டலம் அம்மன் சந்நிதியில் பூசையில் இருந்தது. லட்சுமி பெயர் உள்ளவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் பாக்கியம் என்று விளக்கினேன்.

இன்று உன் இரண்டாவது கடிதம் வந்தது. பாதுகை பூசையறை ஏறிவிட்டதாம், தெருவே வந்து தேங்காய் உடைக்கிறதாம், தையில் முகூர்த்தம் வைக்கச் சொல்லி அம்மாளே ஆள் விட்டாராம். உன் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். “சாமி உங்கள மன்னிக்கட்டும்” என்றாள். பாராட்டும்போது அவளுக்குக் குரல் அப்படித்தான் வரும்.

ஜெயா கழுத்தில் தாலி ஏறும்வரை எந்தத் தடங்கலும் வராமல் முருகன் காவல் நிற்கட்டும். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புள்ள அண்ணன்,
பொன்னுதுரை

பி.கு.: மண்டலப் பூசை நானாகச் சேர்த்தது. புதுச்செருப்பு அம்மாள் காலைக் கடித்துவிடக் கூடாதே என்று நான்தான் அதைப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் கோப்பிக்கடைக்குப் போய்வந்தேன். பாதுகையின் அடியில் இருக்கும் குங்குமத்தை அம்மாள் தினமும் தொட்டு நெற்றியில் இட்டுக்கொள்வதாக எழுதியிருந்தாயே, அது காஜா பேராங் செம்மண். கல்யாணம் முடிகிறவரைக்கும் இட்டுக்கொள்ளட்டும், தடுக்காதே.